தண்ணீர் பிரியும் முகட்டில்

நாட்டு மக்களைக் கணக்கெடுக்கும் குடிசன மதிப்பீட்டு வேலைக்கு ஆசிரியர்களைச் சேர்த்தபோது என்னையும் சேர்த்தார்கள். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. கண்டி நகரத்தில் பிறந்து, அப்பாவின் கடைக்கு மேல்மாடியில் வளர்ந்து, நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை தெரிகிற ஊர். ஆனாலும் நான் ஒரு மலையிலும் ஏறியதில்லை. மழை வருமா என்று பார்க்க மட்டும் மலையை அண்ணாந்து பார்ப்போம்.

கச்சேரி என்கிற மாவட்ட அலுவலகத்தில் பயிற்சி முடிந்ததும் எனக்குத் தும்பறை மலைத்தொடரில் ஒரு துண்டு கிடைத்தது. ரங்கலைக்கும் மேலே. வரைபடத்தில் உயரம் காட்டும் பழுப்புக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. என்னோடு வர வேண்டிய கிராம சேவகர் ஐம்பதைத் தாண்டிய சிங்களவர். வரைபடத்தைப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் சொன்னார்: "மிஸ், இந்தக் கோடுகள் எங்கே நெருங்குதோ, அங்கே நமக்கு மூச்சு வாங்கும்."

தெல்தெனியாவில் பஸ் மாறினோம். அந்தப் பழைய தெல்தெனியா நகரம் பின்னாளில் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. அன்று அங்கே ஒரு கடையில் தேநீர் குடித்தேன் என்பதைச் சொன்னால் என் பிள்ளைகள் இப்போது நம்புவதில்லை.

முதல் நாள் முழுதும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயங்களில் போனது. ஒவ்வொரு காம்பிரா அறையிலும் அதே கேள்விகள். பெயர், வயது, பிறந்த இடம். பிரஜாவுரிமை என்ற கேள்வி வந்ததும் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எழுதிப் போட்டிருக்கோம் டீச்சர். இன்னும் ஒண்ணும் வரல."

"இலங்கைக்கா, இந்தியாவுக்கா?"

"அண்ணன் இங்கிட்டு கேட்டாரு. நாங்க அங்கிட்டு கேட்டோம். எது முந்தி வருதுன்னு பாக்கணும்."

ஒரே கூரையின் கீழ் இரண்டு நாடுகளுக்குக் காத்திருந்தவர்களை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். எழுதினேன். எழுதும்போது பேனா மட்டும் தயங்கியது.

இரண்டாம் நாள் காலையிலேயே ஏறத் தொடங்கினோம். அட்டை கடிக்காமல் இருக்க முழங்கால் வரை சவர்க்காரக் கட்டியை நனைத்துப் பூசிக்கொண்டேன், கடிக்கத்தான் செய்தது. தேயிலை முடிந்து, காட்டு மரங்களின் கீழே ஏலக்காய்ச் செடிகள் தொடங்கின. கிராம சேவகர் நடந்துகொண்டே பேசினார். இந்தச் சரிவெல்லாம் முதலில் காடு. வெள்ளைக்காரன் அதை வெட்டிக் கோப்பிப் பயிர் போட்டான். கோப்பிக்கு நோய் வந்து செத்ததும் தேயிலை வந்தது.

"எங்கள் ஆட்கள் ராஜாக்கள் காலத்திலிருந்து முகட்டுக்கு அந்தப் பக்கம். உங்கள் ஆட்கள் கோப்பிக் காலத்திலிருந்து இந்தப் பக்கம். மேலே யாரும் இல்லை. ஏலக்காய் உலர்த்தும் வாடியில் ஒரு குடும்பம் மட்டும்தான்."

"அவர்களுக்காகவா இவ்வளவு ஏறுகிறோம்?"

"அவர்களும் ஆட்கள்தானே மிஸ்."

வெட்கமாக இருந்தது. அவர் பின்னால் மூச்சு வாங்க ஏறினேன்.

முகட்டுக்கு வந்தபோது ஒன்றும் தெரியவில்லை. வெள்ளையாக, ஈரமாக, கண்ணுக்கு முன்னால் மேகம். "அசையாமல் நில்லுங்கள்" என்றார். நின்றேன். காற்று ஒரு முறை வீசியது. என் காலடியிலிருந்து மூன்றடி தள்ளி உலகம் முடிந்துபோயிருந்தது. நேர்க் கீழே ஒரு பள்ளத்தாக்கு. அதன் அடியில் வயல்கள் விரல் நகங்களைப் போல அடுக்கடுக்காக. அதற்கப்பால் மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நீலம் குறைந்துகொண்டே போய், கடைசியில் மலையே இல்லாமல் சமவெளி. முடிவில்லாத சமவெளி. திரும்பிப் பார்த்தால் நாங்கள் ஏறி வந்த தேயிலைப் பச்சை, அதற்கும் கீழே வெயிலில் மின்னும் ஒரு சிறு கீற்று. மகாவலி ஆறு என்றார். மிகத் தொலைவில் ஹந்தானை மலை. அதன் அடியில்தான் எங்கள் வீடு, எங்கள் கடை, நான் பெரிதென்று நினைத்திருந்த கண்டி நகரம். அது எனக்குத் தெரியவே இல்லை. அழுதுவிட்டேன் என்று பிறகுதான் தெரிந்தது. அவர் பார்க்காதவர் போல வெற்றிலை மடித்தார்.

வாடி முகட்டின் மேலேயே இருந்தது. தகரக் கூரை, பலகைச் சுவர். ஒரு கணவன், மனைவி, மூன்று வயது மகள். மனைவிக்கு நிறைமாதம். பலகையில் உட்கார வைத்து, பால் இல்லாத பிளேன்ரீ தந்தாள். நான் படிவத்தை விரித்தேன். அவள் பெயரை எழுதினேன். பிறந்த இடம் கேட்டேன். நிமிர்ந்தால் கதவு நிலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வலி காலையிலேயே எடுத்துருச்சு டீச்சர். ஆளுங்க வந்திருக்கீங்களேன்னு சொல்லல."

தோட்டத்து மருந்துச்சாலை இரண்டரை மணி நேர இறக்கம். சாக்கில் கட்டித் தூக்கிப் போகிறேன் என்று கணவன் கயிறு தேடினான். கிராம சேவகர் அவள் முகத்தைப் பார்த்தார். "நேரம் போதாது" என்றார். பிறகு முகட்டின் மறுபக்கம் போய் நின்று, இரு கைகளையும் வாயில் குவித்து, அடிவயிற்றிலிருந்து கூவினார்.

"ஹூ...!"

ராஜாக்கள் காலத்தில் தூரத்தையே இந்தக் கூவலால்தான் அளந்தார்கள் என்று பிறகு சொன்னார். ஒரு கூவல் எட்டும் தூரம் ஒரு ஹூ. அந்தப் பள்ளத்தாக்குக் கிராமம் அவருடைய அம்மாவின் ஊர். அவர் குரல் பாறைகளில் பட்டுப் பட்டு இறங்கிப் போனது. பிறகு எங்கோ ஆழத்திலிருந்து, கொசு முனகுவது போல ஒரு பதில். அவர் ஒவ்வொரு சொல்லாக நீட்டி நீட்டி விஷயத்தைச் சொன்னார்.

ஒன்றரை மணி நேரத்தில் செங்குத்துப் பாதையில் மூன்று பேர் ஏறி வந்தார்கள். இரண்டு ஆண்கள், முன்னால் ஒரு பெண். அந்த ஊர் மருத்துவிச்சி. ஐம்பத்தைந்து வயதிருக்கும். வெறுங்கால், தலையில் ஒரு துணி மூட்டை. எனக்கு வாங்கிய மூச்சு அவளுக்கு வாங்கவில்லை. ஆண்களை வெளியே நிறுத்தினாள். எனக்குத் தமிழும் சிங்களமும் தெரியும் என்றதும் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

கல்யாணம் ஆகாத நான் அந்த இரு பெண்களுக்கும் நடுவில் மண்டியிட்டேன். அதுவரை எந்த மொழியிலும் சொல்லியிராத சொற்களை இரண்டு மொழியிலும் சொன்னேன். "இப்ப முக்க வேணாங்கிறாங்க." "முதுகு பிளக்குதாம்." "பயப்படாதே, தலை தெரியுதாம்." கொஞ்ச நேரத்தில் என் மொழிபெயர்ப்பு யாருக்கும் தேவைப்படவில்லை. மருத்துவிச்சி சிங்களத்தில் சொன்னாள், இவள் தமிழில் முனகினாள், இருவருக்கும் எல்லாம் புரிந்தது. நான் அவள் தலையை மட்டும் தாங்கியிருந்தேன்.

பெண் குழந்தை. அழுதபோது வெளியே நின்ற ஆண்கள் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார்கள். மருத்துவிச்சி பிள்ளையைத் துடைத்தபடி சொன்னாள்: "எத்தனையோ பிள்ளை பிடித்தேன். இவ்வளவு உயரத்தில் இதுதான் முதல்." பிறகு சுவரில் சாய்ந்து, ஏலக்காய் போட்ட தேநீரை மூன்று கோப்பை குடித்தாள்.

அதன் பிறகு ஒரு பிரச்சினை வந்தது. முகடுதான் எல்லை. இந்தப் பக்கம் ஒரு பிறப்புப் பதிவாளர், அந்தப் பக்கம் வேறொருவர். வாடி எந்தப் பக்கம்? கிராம சேவகர் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பயனில்லை. கணவனிடம் வாளித் தண்ணீர் கேட்டு வாங்கி, பிள்ளை பிறந்த அறையின் வாசலில் மெல்ல ஊற்றினார். நாங்கள் எல்லோரும் குனிந்து பார்த்தோம். தண்ணீர் கொஞ்சம் தேங்கியது, யோசித்தது, பிறகு இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கமும் ஓடியது.

முதலில் சிரித்தவள் மருத்துவிச்சி. உள்ளே படுத்திருந்தவளும் என்னவென்று கேட்டுச் சிரித்தாள். ஒரு ஓடை ஹுலு கங்கைக்கு, மற்றது ஹீன் கங்கைக்கு, இரண்டுமே வெவ்வேறு வழியில் மகாவலிக்கு என்று கிராம சேவகர் விளக்கினார். "அகலமாக ஓடியது தோட்டத்துப் பக்கம்" என்று தீர்ப்புச் சொல்லி, இந்தப் பக்கத்துப் பதிவாளரின் பெயரை எழுதித் தந்தார். அன்று எடுத்தது முற்பட்டியல்தான்; சில வாரம் கழித்து, மதிப்பீட்டு நாளில் மறுபடி ஏறிப்போய் நான்கு பேர் என்று எழுதினேன். பிள்ளைக்கு மருத்துவிச்சி கொண்டுவந்த பழைய சீலையில் தொட்டில் கட்டியிருந்தார்கள்.

சில வருடங்களில் அவர்களுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. இந்தியக் கப்பலைப் பிடிக்கத் தலைமன்னார் ரயிலுக்குப் போகும் வழியில் எங்கள் கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். சின்ன மகள் நிற்காமல் பேசினாள். மருத்துவிச்சி ரங்கலை பஸ் வரைக்கும் நடந்து வந்து வழியனுப்பினாளாம்.

வெகுகாலம் கழித்துக் கோத்தகிரியிலிருந்து ஒரு கடிதம். முகட்டில் பிறந்தவள் எழுதியிருந்தாள். அவளுக்கும் ஒரு மகன். "நான் பொறந்த மலைக்கு என்ன பேருன்னு கேக்குறான் டீச்சர். அம்மாவுக்குத் தெரியல."

எனக்கும் தெரியவில்லை. ஓய்வு பெற்றிருந்த கிராம சேவகரைத் தேடிப்போய்க் கேட்டேன்.

"அங்கே இருக்கிறவர்கள் மலை என்றுதான் சொல்வார்கள் மிஸ். அதற்குப் பேர் வைக்க யாருக்கும் தைரியம் வரவில்லை போல."

அதையே அவளுக்கு எழுதினேன். எழுதி முடித்தபின், முகட்டில் நின்று நான் கண்டதையெல்லாம் சொல்ல நினைத்தேன். பள்ளத்தாக்கு, சமவெளி, கீழே எங்கோ கூவலுக்குக் கூவல் தந்த குரல். வான்கடிதத்தில் இடமிருந்தும் முடியவில்லை. மிகப் பெரிது, நேரில் வந்து பார், மகனையும் கூட்டி வா என்று எழுதி மடித்தேன்.