பித்தளைக் கப்பி

ஆண்டிச்சாமி மச்சானுக்குத் திருத்தங்கலில் லேத்துப் பட்டறை. பட்டாசுக் கம்பெனிகளுக்கு, மருந்தை இடித்து நிரப்பும், பொறி பறக்காத பித்தளைக் கம்பிகள் கடைந்து கொடுப்பார். தொண்ணூற்றெட்டில் மருந்து அறையில் யாரோ இரும்புக் கரண்டியைத் தவறவிட, பொறி பறந்து, அங்கே வேலை பார்த்த என் அக்கா ராமுத்தாய் போய்ச் சேர்ந்தாள். அன்றிலிருந்து மச்சான் இரும்பு, ஸ்டீல் வேலை எடுப்பதில்லை. பிள்ளைகளும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் போன் வந்தால்தான் அவருக்குப் பேச்சு.

நான் கலிபோர்னியாவில், அறுவைசிகிச்சை ரோபோவின் கருவிகள் செய்யும் கம்பெனியில் இருந்தேன். நுனியிலுள்ள குட்டிக் கத்தரியை அசைப்பது நூல் கனத்துக் கம்பிவடம். அது ஓட மிளகளவுக் கப்பிகள் வேண்டும். 2007இல், பயந்துகொண்டேதான், கம்பெனியில் மச்சான் பெயரைச் சொன்னேன்.

"மிஷினே ஆபரேஷன் பண்ணுதாக்கும்? அப்ப டாக்டருக்குக் கையி என்னத்துக்கு, சம்பளம் வாங்கவா?" என்று அந்த ஞாயிறு போனில் சிரித்தார் மச்சான்.

"சாம்பிள் பாஸானா பட்டறையப் பாக்க ஆள் வரணும் மச்சான். நான்தான் வருவேன்."

"நெசமாவா மாப்ள?"

அடுத்த வாரமே பட்டறைக்கு வெள்ளையடித்து, புது நாற்காலியும் வாங்கிவிட்டார். அக்கா போன ஒன்பது வருஷத்தில் நான் ஒருமுறைகூடப் போகவில்லை.

ஆறு கப்பிகள் வந்தன. அளவு மயிரிழை பிசகவில்லை. ஆனால் ஆறும் பித்தளை. கம்பிவடம் உரசினால் தேயும், துகள் நோயாளி உடம்புக்குள் உதிரும். கம்பெனி ஒரே பார்வையில் தள்ளிவிட்டது.

"படத்துல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னு போட்டிருந்தேனே மச்சான்?"

"பாத்தேன். மருந்து மாத்திரையெல்லாம் உள்ள எடத்துக்குப் போற சாமான்னு சொன்னீகள்ல? மருந்துன்னதும் கை பித்தளைக்குப் போயிருச்சு மாப்ள. அப்ப நீங்க வரலையா?"

"வாரேன் மச்சான். சும்மாவே வாரேன்."

"சும்மா யாரு வருவா?" சிரித்தபடியே போனை வைத்துவிட்டார்.

ஆர்டர் வேறு யாருக்கோ போனது. அதை அவரிடம் சொல்லத் தைரியமில்லாமல் இரண்டு ஞாயிறு போன் செய்யாமல் இருந்துவிட்டேன். மூன்றாவது வாரம், நான் கேட்காமலே, மச்சானிடமிருந்து ஒரு பார்சல் வந்தது.

பிரித்தேன். ஆறு கப்பி. ஆறும் ஸ்டீல்.