நூற்று அறுபத்தொரு முள்ளெலும்பு

என் அக்கா மீன்களின் எலும்பை எண்ணுகிறவள். இதைச் சொன்னால் யாரும் லேசில் நம்புவதில்லை. கல்யாணப் பேச்சு வந்தபோது மாமா வீட்டாரும் நம்பவில்லை. "கடல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை" என்று நாங்கள் சொன்னதை, கப்பலில் உத்தியோகம் என்று அவர்களாகவே எடுத்துக்கொண்டார்கள். நாங்களும் மறுக்கவில்லை. உண்மையில் அக்கா முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கியதே கிடையாது.

நிலையத்தின் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத ஒரு நீண்ட அறை இருக்கிறது. அதில் எட்டாயிரம் கண்ணாடிப் புட்டிகள். எல்லாவற்றிலும் ஸ்பிரிட்டில் ஊறும் மீன்கள். அந்த அறைதான் இருபத்தெட்டு வருடமாக அக்காவின் ராஜ்ஜியம். வருகிற மீனைக் கழுவி, அளந்து, சீட்டு எழுதி, புட்டியில் போட்டு, ஸ்பிரிட் குறைந்தால் ஊற்றி, எக்ஸ்ரே எடுத்து முதுகுத்தண்டில் எத்தனை முள்ளெலும்பு என்று எண்ண வேண்டும். எண்ணுவது எதற்கென்றால், விலாங்கு மாதிரி மீன்களை வெளியே பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே கயிறு. உள்ளே எத்தனை எலும்பு என்பதை வைத்துத்தான் இது இந்த இனம், அது அந்த இனம் என்று பிரிப்பார்கள். அக்கா ஒரு மீனை மூன்று நாள், நாளுக்கு ஒரு தடவை எண்ணுவாள். மூன்றும் ஒத்துப்போனால்தான் நோட்டில் ஏறும்.

நான் எங்கே உள்ளே வருகிறேன் என்றால், நிலையத்து எக்ஸ்ரே இயந்திரம் நான்கு வருடத்துக்கு முன்பு படுத்துவிட்டது. புதியதற்கான கடிதம் மேலிடத்துக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. நான் மூன்று தெரு தள்ளி மனிதர்களுக்கு எக்ஸ்ரே எடுக்கிற சின்ன சென்டர் வைத்திருக்கிறேன். ஆகவே ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், ஈரத்துணி போர்த்திய பிளாஸ்டிக் ட்ரேயோடு அக்கா வந்துவிடுவாள். ஒரு தடவை முழங்கால் வலியோடு உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, இதற்கு என்ன கோளாறு என்று கேட்டார். சும்மா செக்கப்தான் என்றேன். அவர் மீனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அதை முதலில் கவனிக்கச் சொல்லித் தன் முறையை விட்டுக்கொடுத்தார்.

இந்தக் கதைக்குரிய விலாங்கு நானூறு மீட்டர் ஆழத்திலிருந்து வந்தது. ஆழ்கடல் இறாலுக்குப் போன இழுவைப் படகில் கழிவோடு கழிவாக ஏறியிருக்கிறது. தெரியாத மீன் எது வந்தாலும் தூக்கிப் போடாதீர்கள் என்று துறைமுகத்தில் அக்கா ஆள் ஆளாகச் சொல்லி வைத்திருந்தாள். அந்தப் படகின் சமையல்காரர் ஞாபகமாக ஐஸில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். எழுபத்தொரு சென்டிமீட்டர் நீளம், சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம். வாலில் துடுப்பு கிடையாது. நுனி ஆணி போலக் கெட்டியாக இருக்கும். பாம்பு விலாங்கு என்பார்கள். அந்த வாலை மண்ணில் குத்திப் பின்பக்கமாகவே உள்ளே போய் ஒளிந்துகொள்ளுமாம். "ரிவர்ஸ்லயே போய் வீட்டுக்குள்ள பதுங்குற ஜீவன், உங்க மாமாவுக்கு அடுத்து இதுதான்" என்றாள் அக்கா.

என்னிடம் உள்ள பெரிய ஃபிலிமே நாற்பத்து மூன்று சென்டிமீட்டர்தான். ஆகவே விலாங்கை இரண்டு ஃபிலிமில்தான் எடுக்க வேண்டும். அதற்கு அக்காவிடம் ஒரு முறை உண்டு. மீனைத் தெர்மாகோல் பலகையில் நீட்டி வைத்து, நடுவில் உடம்பை ஒட்டி ஒரு குண்டூசி குத்துவாள். தலையிலிருந்து ஊசி வரை ஒரு ஃபிலிம், ஊசியிலிருந்து வால் வரை இன்னொரு ஃபிலிம். ஊசி இரண்டிலும் தெரியும். முதல் ஃபிலிமில் ஊசி வரைக்கும் எண்ணி, இரண்டாவதில் ஊசியிலிருந்து தொடர்ந்தால் கணக்கு சரியாக வரும். இரண்டாவது ஃபிலிமும் எடுத்து முடிக்கும் வரை ஊசியை யாரும் தொடக் கூடாது. அது ஒன்றுதான் சட்டம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தாள். முதல் ஃபிலிமை எடுத்துவிட்டு அடுத்ததை அடியில் தள்ளும்போது என் கை பட்டு ஊசி விழுந்தது. எடுத்து அதே ஓட்டையில் குத்தினேன். வாசலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஊசி விழுந்தது அப்புறம் எனக்கு ஞாபகத்திலேயே இல்லை.

முதல் ஃபிலிமில் எண்பத்தெட்டு, இரண்டாவதில் எழுபத்து மூன்று. மொத்தம் நூற்று அறுபத்தொன்று. மூன்று நாளும் அதே எண். இதற்குப் பக்கத்து உறவான விலாங்குக்கு நூற்று நாற்பத்தொன்பதிலிருந்து நூற்று ஐம்பத்திரண்டு வரைதான் இருக்கும். அதைத் தாண்டி ஒன்று கூட யாரும் பார்த்ததில்லை. அக்கா ஃபிலிமை எடுத்துக்கொண்டு மேல்மாடிக்குப் போய் ஆராய்ச்சியாளர் மேடத்தின் மேஜையில் வைத்தாள். மேடம் அக்காவைவிடப் பதினைந்து வயது சின்னவர், அதிகம் பேசாதவர். அன்று மதியம் சாப்பிடவே போகவில்லையாம்.

ஒரு புதிய இனத்தை விவரிப்பது என்றால் சாதாரணமில்லை. கண்ணின் குறுக்களவு, மூக்கின் நீளம், செவுள் துளை எங்கே தொடங்குகிறது, மேல்தாடையில் பல் எத்தனை வரிசை என்று மூன்று மாதம் இருவரும் அந்த ஒரு மீனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பெண் கொடுத்தவர்கள் கூட என்னை இவ்வளவு கவனமாகப் பார்க்கவில்லை. இருப்பது ஒரே மீன் என்பதால் வயிற்றைக் கிழிக்கவில்லை. ஃபிலிமில் தெரிந்ததை வைத்து, "வயிற்றில் இரண்டு நத்தைகள்" என்று ஒரு வரி எழுதினார்கள். பல்லிலும் நிறத்திலும் கொஞ்சம் வித்தியாசம் இருந்தது. ஆனால் அவை மட்டும் போதாது, எலும்புக் கணக்குதான் தூண் என்று அக்கா சொன்னாள்.

ஆராய்ச்சிப் பத்திரிகைக்குக் கட்டுரையை அனுப்பும்போதுதான் மேடம் விஷயத்தைச் சொன்னார். மீனுக்கு அக்காவின் பெயரை வைத்திருக்கிறார். லத்தீனில் வால் கொஞ்சம் மாறுமே தவிர அக்கா பெயர்தான். அச்சாகிவிட்டால் அவ்வளவுதான், உலகத்தில் யாரும் லேசில் மாற்ற முடியாது. தெருப் பெயரைக் கூட ஆட்சி மாறினால் மாற்றிவிடுகிறார்கள். எனக்கெல்லாம் எதற்கு மேடம் என்று அக்கா சொல்லிவிட்டு வந்தாள். வந்ததும் எனக்கு போன் போட்டு அதையே மூன்று தடவை சொன்னாள். இருபத்தெட்டு வருடத்தில் அவள் எழுதிய சீட்டு எதிலும் அவள் பெயர் இருந்ததில்லை. எழுத்து அவளுடையது, பெயர் அப்போது மேல்மாடியில் இருந்தவருடையது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மாமா பஸ் டிப்போவில் நேரக் குறிப்பாளர். அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. லத்தீன் பெயரை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, டிரைவர், கண்டக்டர், முடி வெட்டுகிறவர் என்று ஒருவர் விடாமல் தம்பட்டம் அடித்தார். முதல் பாதி வந்துவிடும். வால் மாறிய அக்கா பெயர் வருகிற இரண்டாவது பாதியில் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். ஒரு மாதம் விடாமல் பயிற்சி எடுத்தார்.

பத்திரிகைக்காரர்கள் கட்டுரையைப் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்கள். தலையிலிருந்து வால் வரை முழு எலும்புக்கூடும் தெரிகிற மாதிரி ஒரே படம் வேண்டும். இரண்டு ஃபிலிமையும் ஒட்டிக் கொடு என்று அக்கா என்னிடம் தந்தாள்.

திங்கட்கிழமை காலை வெளிச்சப் பெட்டியில் இரண்டையும் வைத்து, ஊசி மேல் ஊசி வருகிற மாதிரி நகர்த்தினேன். உடம்பு பொருந்தவில்லை. முதல் ஃபிலிமில் ஊசிக்குச் சற்று முன்னால் ஒரு நத்தை. இரண்டாவதில் ஊசிக்குச் சற்றுப் பின்னால் ஒரு நத்தை. கட்டுரையில் சொன்ன இரண்டு நத்தைகள். லென்ஸை வைத்துப் பார்த்தேன். இரண்டு ஓட்டிலும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி உடைசல். நத்தை ஒன்றுதான். ஊசிதான் தலைப்பக்கம் நகர்ந்திருக்கிறது. முதல் ஃபிலிமில் எண்ணிய எலும்புகளில் சிலவற்றை அக்கா இரண்டாவதில் திரும்ப எண்ணியிருக்கிறாள்.

கத்தரிக்கோல் கைக்கெட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. இரண்டையும் ஊசி இருக்கிற இடத்தில் வெட்டி ஒட்டினால் இரண்டு நத்தையோடு அழகான படம் வந்துவிடும். ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. இரண்டு நாள் பிரிண்டர் ரிப்பேர் என்று புளுகிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அக்காவே நேரில் வந்து நின்றாள்.

"நத்த ரெண்டு இல்லக்கா. ஒண்ணுதான்" என்றேன்.

அவள் பையைக்கூட கீழே வைக்கவில்லை. லென்ஸை வாங்கிப் பார்த்தாள். முதல் ஃபிலிமில் நத்தையிலிருந்து ஊசி வரை பென்சில் நுனியால் தொட்டு எண்ணினாள். பிறகு இரண்டாவதில் ஊசியிலிருந்து நத்தை வரை எண்ணிக் கூட்டினாள். உதடு மட்டும் அசைந்தது.

"ஒம்பது" என்றாள். "ஊசி விழுந்துச்சா?"

"விழுந்துச்சு. அதே ஓட்டைலதான் குத்துனேன்."

மேஜைக்கு அடியில் இருந்த தெர்மாகோலை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள். நான்கு வருடமாக அதே பலகை. நல்ல தெர்மாகோல் கெட்டா போகும் என்று அவள்தான் மாற்றவிடவில்லை. வெளிச்சம் நாற்பது ஓட்டைகள் வழியாக வந்தது.

"எந்த ஓட்டைடா?" என்றாள்.

"வெட்டி ஒட்டிடலாம்க்கா. யாருக்கும் தெரியாது" என்றேன். அதைச் சொன்னதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். ஆனால் அந்த நேரத்தில் முழு மனதோடுதான் சொன்னேன்.

"அந்த மீனுக்கு நூத்தி அம்பத்திரண்டுடா" என்றாள். "நான் என்ன பண்றது?"

நூற்று ஐம்பத்திரண்டு என்றால் புதிய இனம் கிடையாது. பெயர் எப்போதோ வைத்தாகிவிட்ட பழைய உறவுதான். அதிகபட்ச எலும்போடு வந்திருக்கிறது, அவ்வளவே. அக்கா தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். அங்கேயே நின்று மேடத்துக்கு போன் போட்டு, தலையும் வாலும் விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். ஊசியைத் தட்டியது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. "ஊசி நகந்துடுச்சு மேடம்" என்று முடித்துக்கொண்டாள்.

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன், ஐம்பது வயதில், வெள்ளைக் கோட்டோடு. அந்த நேரம் பார்த்து முழங்கால் வாத்தியார் உள்ளே வந்தார். வெளிச்சப் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ரிப்போர்ட் ரொம்ப மோசமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் என் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு, நாளைக்கு வருவதாகச் சொல்லிப் போனார்.

புதுத் தெர்மாகோல் வாங்கி மறுபடி எடுத்தோம். நூற்று ஐம்பத்திரண்டு, மூன்று நாளும். மேடம் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமை புது ஃபிலிமைக் கொடுக்க நான் கீழ்த்தள அறைக்குப் போயிருந்தேன். அக்காவும் மேடமும் புட்டிக்குப் புதுச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். அங்கே பழைய சீட்டை எடுக்கிற வழக்கம் கிடையாது. தப்பான பெயர் எழுதிய சீட்டும் உள்ளேயே இருக்கும். சரியான பெயரையும், திருத்தியவர் பெயரையும், தேதியையும் எழுதிப் பக்கத்தில் போடுவார்கள். அக்கா எப்போதும் போல மேடத்தின் பெயரை எழுதி நீட்டினாள். மேடம் வாங்கிப் படித்துவிட்டு நாலாகக் கிழித்தார்.

"திருத்துனவங்க பேருதான் போடணும். நானா திருத்துனேன்?" என்று வேறு சீட்டை வைத்தார்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் ஃபிலிமைப் பார்த்தேன். எட்டாயிரம் புட்டிக்குச் சீட்டு எழுதிய கை, அந்த ஒரு வரியை எழுதக் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டது. பிறகு இடுக்கியால் சீட்டைப் பிடித்து ஸ்பிரிட்டுக்குள் இறக்கி, மூடியை இறுக்கினாள்.

மாமாவுக்கு விஷயத்தைச் சொல்லியிருந்தாலும், பெயர் போட்ட புட்டியைப் பார்த்தே தீருவேன் என்று மறுநாள் வந்து நின்றார். சட்டைப் பையில் அந்த லத்தீன் சீட்டு இன்னமும் இருந்தது. அக்கா புட்டியைத் திருப்பி வைத்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்து, உள்ளே கிடந்த சீட்டுகளுக்கு நடுவே தேடி, சத்தமாக வாசித்தார். நாக்கு எங்கேயும் சுளுக்கவில்லை. இருபத்தைந்து வருடமாகக் கூப்பிடுகிற பெயர்தான்.