கை காட்டினால் வருவாள்

கரும்பு வெட்டி முடித்த கொல்லையில் தோகையைக் கொளுத்துவதற்கு முன்னால் எங்கள் செலியமேட்டில் பெரிய கூச்சல் போடுவார்கள். தகரத்தைத் தட்டி, கை கொட்டி, தொண்டை கிழியக் கத்தி, சருகுக்குள் படுத்திருக்கும் நரி, கீரி, முயல், பாம்பு எல்லாவற்றையும் விரட்டிவிட்டுத்தான் நெருப்பு வைப்பார்கள். எனக்குக் கல்யாணமான மறுவருஷம், மாசி மாதத்தில், அப்படித்தான் கத்தி முடித்து மேற்கு மூலையில் தீ வைத்தார்கள். நான் ஆட்களுக்குக் கூழ் கொண்டுபோயிருந்தேன். வரப்பில் கூடையை இறக்கும்போது, நடுக்கொல்லையில் தோகைக் குவியல் மேல் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. கந்தல் துணி என்று நினைத்தேன். அது வாலை ஒருமுறை அசைத்துவிட்டு இன்னும் நன்றாகச் சுருண்டுகொண்டது.

"அய்யய்யோ, நாயி! அங்க ஒரு நாயி தூங்குது!" என்று கத்தினேன்.

ஆட்கள் எல்லோருமாகக் கத்தினார்கள். அது அசையவே இல்லை. ஒருவர் மண்கட்டியை எடுத்து வீசினார். கட்டி விலாவில் பட்டதும்தான் தலையைத் தூக்கியது. சுற்றிலும் புகை. எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் அங்கேயே நின்று நடுங்கியது. என் வீட்டுக்காரர் துண்டைத் தண்ணீர்க் குடத்தில் முக்கித் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே ஓடினார். கொஞ்ச நேரம் புகையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பிறகு இருமிக்கொண்டே வந்தார். நாயின் பிடரித் தோல் அவர் கையில், அவருடைய துண்டு நாயின் வாயில்.

"காப்பாத்த வந்தவன் துணியையே கடிக்கிற பாரு" என்று அதைத் தரையில் விட்டார்.

பெட்டை நாய். எலும்பும் தோலுமாக இருந்தாள். உடம்பெல்லாம் வெள்ளை, கண்கூட வெளிறிப்போயிருந்தது. முதுகில் கொஞ்சம் முடி பொசுங்கித் தோல் புண்ணாகியிருந்தது. யார் வீட்டு நாய் என்று யாருக்கும் தெரியவில்லை. அதை நானாக அழைத்து வரவில்லை. கூழ்க்கூடை காலியாகி நான் நடந்தபோது பின்னாலேயே வந்துவிட்டாள்.

வாசலிலேயே என் மாமியார் மறித்தார்.

"இன்னாடி இது?"

"நாயி, அத்த."

"நாயின்னு எனக்குத் தெரியுது. எதுக்கு?"

நெருப்பு, புகை எல்லாவற்றையும் சொன்னேன். புண் ஆறும்வரை மாட்டுக்கொட்டகைப் பக்கம் கிடக்கட்டும் என்றார், அதுவும் பின்னால் வந்த தன் மகன் இருமிய இருமலைப் பார்த்துவிட்டு.

அவளுக்குக் காது கேட்காது என்று கண்டுபிடித்தவரும் மாமியார்தான். மறுநாள் கிணற்றடியில் அவர் கையிலிருந்து பித்தளைக் குண்டான் நழுவிக் கல்லில் விழுந்தது. கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. தென்னையிலிருந்த காகங்கள் எல்லாம் பறந்தன. நாய் மட்டும் குண்டானுக்குப் பக்கத்திலேயே, முதுகைத் திருப்பிக்கொண்டு, தன் முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது. மாமியார் குனிந்து, அதன் காதுக்கு நேராகக் கை தட்டிப் பார்த்தார்.

"இதுக்குக் காது செவிடுடி. அதான் தீ வெச்சப்பவும் தூங்கிக் கெடந்திருக்கு. பாவம்" என்றார்.

அந்தப் 'பாவம்' எனக்குப் போதுமாக இருந்தது.

ஆனால் எங்கள் வீட்டில் அவளை நிரந்தரமாக வைத்துக்கொள்ள முடியாது. கரும்பும் நெல்லும் ஏற்றிய வண்டிகள் ஓயாமல் வந்துபோகும் களம் அது. சக்கரம் வருவது அவளுக்குத் தெரியாது. ஒருமுறை வண்டிக்காரர் மாட்டை இழுத்துப் பிடித்ததால் மயிரிழையில் தப்பினாள். அதோடு நான் அப்போது முழுகாமல் இருந்தேன். ஆனியில் வளைகாப்பு முடிந்ததும் எங்கள் பிரெஞ்சுக்காரன் சீமையைத் தாண்டி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் சீமையில் இருக்கிற என் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன். அதற்குள் அவளுக்கு ஒரு நல்ல இடம் பார்த்துவிட வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"நம்ம வூட்டுப் பொண்ணுக்கு மாப்பிள்ள பாக்கறாப்போல சொல்றியே" என்று சிரித்தார். ஆனால் அன்றைக்கே ஊரில் நாலு பேரிடம் சொல்லியும் வைத்தார்.

முதலில் வந்தவர் பாகூர்க் கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருந்தவர். கடைக்குக் காவல் வேண்டுமாம். காது கேட்காது என்று நாங்கள் சொன்னதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "பாக்கப் பயங்கரமா இருந்தா போதும்மா" என்று கயிற்றில் கட்டிக் கூட்டிப் போனார். அந்த வாரமே திரும்பக் கொண்டுவந்துவிட்டார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"இன்னாங்க ஆச்சு?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நான் சாப்பிடப் போயிருந்தேன். ஒரு ஆடு கடைக்குள்ள பூந்து, ஒரு தாரு வாழப்பழத்தத் தின்னுட்டுப் போயிருக்கு. வாசப்படியில இது தூங்குது. இதத் தாண்டித்தான் ஆடு உள்ள போச்சு, இதத் தாண்டித்தான் வெளிய வந்துது. தெருவே நின்னு சிரிக்குதுப்பா!"

அவர் போனபிறகு நாங்களும் சிரித்தோம். மாமியார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவள் என்னைக் கண்டதும் உடம்பையே வாலாக்கிக்கொண்டு ஆடினாள். சிரித்து முடித்தபிறகுதான் எனக்கு உறைத்தது: இவளுக்கு எப்படிச் சொன்னால் புரியும் என்று யாருமே அவளிடம் முயன்று பார்க்கவில்லை. நானும்தான்.

அன்றிலிருந்து தொடங்கினேன். நாய் பழக்குவதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தூங்கும்போது தொட்டால் பதறிப்போய்ப் பல்லைக் காட்டுவாள். அதனால் தொடுவதற்கு முன் உள்ளங்கையை மூக்கருகில் கொண்டுபோனேன். வாசனை பிடித்து, தானே கண்ணைத் திறப்பாள். திறந்ததும் ஒரு களி உருண்டை. சில நாட்களில் யார் கை வந்தாலும் பதறாமல் எழுந்தாள். மண்தரையில் காலை அழுத்தி மிதித்தால் அதிர்வு தெரிந்து திரும்பிப் பார்ப்பாள் என்பது தற்செயலாகத் தெரிந்தது. திரும்பியதும் கையை மார்பை நோக்கி இழுத்துக் காட்டுவேன்: வா. உள்ளங்கையைத் தரைப்பக்கம் தாழ்த்தினால்: உட்கார். இரண்டு கையையும் விரித்துக் காட்டினால்: களி தீர்ந்துபோயிற்று. இந்தக் கடைசி ஒன்றை மட்டும் அவள் எப்போதும் நம்பமாட்டாள். என் மடியை மோந்து பார்த்து உறுதிசெய்துகொண்டுதான் போவாள்.

ஒருநாள் மாமியார் நெல் துழாவிக்கொண்டிருந்தார். அவள் களத்தில் ஏறி வந்தாள். மாமியார் பேசாமல் கையை வீசி, போ என்றார். அவள் உடனே இறங்கிப் போனாள். மாமியாருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இன்னொருமுறை வரச்சொல்லிப் பார்த்தார், வந்தாள். உட்காரச் சொன்னார், உட்கார்ந்தாள்.

"இந்த வூட்டுல நான் கைய அசைச்சு ஒரு சீவன் கேக்குதுன்னா அது இதுதான்" என்று எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் கேட்கும்படி சொன்னார். அன்றைக்கு மத்தியானம் களி உருண்டையில் ஒரு துளி நெய் இருந்தது. நான் வைக்கவில்லை.

எங்களுக்கு மீன் கொண்டுவந்து விற்பவர் பூரணாங்குப்பத்து அக்கா ஒருவர். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு விடிந்ததும் கிளம்பி, ஊர் ஊராக விற்றுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வரும்போது வெயில் ஏறியிருக்கும். கொட்டகை நிழலில் மோர் குடித்துவிட்டுப் போவார். நான் கையைக் காட்டி நாயை ஆட்டிவைப்பதை வாரம் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தவர், ஒருநாள் கேட்டார்:

"இத எனக்குக் குடும்மா. கருவாட்டுக்குக் காவலு வேணும்."

"அக்கா, இதுக்குக் காது கேக்காது."

"எங்க கரையில யாருக்குக் கேக்குது? அல எரைச்சலுல பக்கத்துல நின்னு பேசனாலே தெரியாது. கட்டுமரத்துக்காரங்களுக்கு நாங்க துணிய வீசித்தான் சொல்லுவோம். எங்க வூட்டுக்காரருக்குக் கால் ஒடிஞ்சதுலேர்ந்து கடலுக்குப் போறதில்ல. மணல்ல ஒக்காந்து வல பின்னுவாரு. காக்கா வந்தா கொம்பத்தான் ஆட்ட முடியும், ஓட முடியாது. பாதிக் கருவாடு காக்காக்கே போவுது."

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. உடனேயே கவலையும் வந்தது. காக்கைக்கு மிஞ்சினதை இவள் தின்றுவிட்டால்?

ஆகவே எங்கள் களத்தில் கருவாட்டுப் பாடம் ஆரம்பமாயிற்று. அக்காவிடமே கருவாடு வாங்கி முறத்தில் பரப்பி வெயிலில் வைத்தேன். முதல் நாள் நான் திரும்புவதற்குள் முறம் சுத்தமாக இருந்தது. மறுநாள் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவள் மூக்கை நீட்டும்போதெல்லாம் உள்ளங்கையை நடுவில் வைத்து மறித்தேன். பின்வாங்கினால் களி. இதில் ஒரு கஷ்டம் என்னவென்றால், மசக்கை தெளிந்து எனக்கு வாய்க்குக் காரசாரமாகக் கேட்கிற சமயம் அது. வெயிலில் காய்ந்த நெத்திலியின் வாசனை அவளைப் படுத்திய அளவு என்னையும் படுத்தியது. இரண்டு பேரும் முறத்தின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து எச்சில் விழுங்கிக்கொண்டிருப்போம்.

"வூடு பூராவும் பூரணாங்குப்பம் வாட அடிக்குது" என்று வீட்டுக்காரர் மூக்கைப் பிடித்தார்.

"அடிக்கட்டுமே. ரெண்டு மாடும் ஒண்ணும் சொல்லல, ஒனக்கு இன்னா?" என்றார் மாமியார். இப்போது அவர் எங்கள் கட்சி.

காகம் இறங்கினால் கையை உயர்த்தி வீசுவேன். அவள் பாய்ந்து விரட்டுவாள். இது அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவே வேண்டியிருக்கவில்லை. வைகாசி பாதியில், முறம் நிறையக் கருவாட்டை வைத்துவிட்டு நான் குளித்துத் தலை துவட்டி வந்தாலும் ஒன்றுகூடக் குறையாது. ஒரு தடவை குறைந்தது. அது நான்தான்.

அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு பூரணாங்குப்பம் போனோம். வழியெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு ராணிபோல உட்கார்ந்து வந்தாள். கடற்கரைக்குப் போய் இறங்கியதும் எல்லாம் கெட்டுப்போயிற்று. அவள் கடலைப் பார்த்ததே இல்லை. அலை எழும்பி உடைவதைக் கண்டு வண்டிக்கு அடியில் புகுந்துகொண்டாள். கையை ஆட்டினேன், மணலை மிதித்தேன். மணலில் மிதித்தால் அதிர்வு எங்கே போகும்? என் பக்கமே திரும்பவில்லை.

அக்காவின் வீட்டுக்காரர் கீற்றுப் பந்தலின் கீழே காலை நீட்டி உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். அலைக்கு மேலாகக் குரலை உயர்த்தி மனைவியிடம் கேட்டார்:

"இன்னா, செவிட்டு நாய என் தலையில கட்டறீங்களா? இது நம்மளக் காப்பாத்துமா, நாம இதக் காப்பாத்தணுமா?"

அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை நாள் பழக்கியதெல்லாம் வீண், மறுபடி வண்டியில் ஏற்ற வேண்டியதுதான் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் பாயில் காயப்போட்ட மீன்மேல் காகங்கள் கூட்டமாக இறங்கின. அவர் பழக்க தோஷத்தில் கையை உயர்த்திக் கொம்பை வீசினார். வண்டிக்கு அடியிலிருந்து வெள்ளையாக ஒன்று சீறிக்கொண்டு போனது. காகங்கள் சிதறின. பாயின் ஓரமாகவே சுற்றி ஓடி, ஒரு மீனைக்கூட மிதிக்காமல் நின்று, கொம்பு பிடித்த கையையே பார்த்தாள்: அடுத்தது என்ன?

அவர் கொம்பைக் கீழே வைத்தார். மெதுவாக உள்ளங்கையைத் தாழ்த்திப் பார்த்தார். உட்கார்ந்தாள்.

"அடியே, இது என் பாஷ பேசுதுடி!" என்று மனைவியைப் பார்த்துக் கத்தினார்.

தூங்கும்போது எப்படி எழுப்ப வேண்டும், வண்டிப்பாதைக்கு விடக்கூடாது, புண் ஆறிய இடத்தில் வேப்பெண்ணெய் தடவ வேண்டும் என்று நான் சொன்னதெல்லாம் அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை. கையைத் தூக்குவதும் இறக்குவதுமாக இருந்தார். அக்கா மட்டும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வண்டி புறப்பட்டபோது அவள் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காகங்களோடு வேலையாக இருந்தாள். நல்ல இடம்தான் வேண்டும் என்று நான்தானே ஆசைப்பட்டேன்? ஆனாலும் அழுதேன்.

"பொண்ணு போன எடத்துல ஒட்டிக்கிச்சின்னா சந்தோஷப்படணும், இன்னா நீ" என்றார் வீட்டுக்காரர். கொஞ்ச தூரம் போனதும் அவரும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் ஆடியில் வீராம்பட்டினம் தேருக்குக் கைக்குழந்தையோடு போனோம். திரும்பும்போது அக்கா விடவில்லை, வீட்டுக்கு இழுத்துப்போனார். மாமியாரும் வந்திருந்தார். அவள் தூரத்திலேயே எங்களைக் கண்டு ஓடிவந்து, முதலில் மாமியாரைத்தான் சுற்றினாள். மாமியார் கையைத் தாழ்த்த, உட்கார்ந்தாள். கொழுகொழுவென்று இருந்தாள். மினுமினுப்பு வேறு.

"தேருக்கு வேட்டுப் போட்டாங்களே, ஊரு நாயெல்லாம் எங்க போச்சுன்னு தெரியல. இது மட்டும் மீனு பக்கத்துல மகாராணியாட்டம் ஒக்காந்திருந்துது" என்றார் அக்கா. "ஒரே ஒரு கொறதான். இவரு இது கூடக் கையாலயே பேசிப் பேசி, இப்ப எங்கிட்டயும் வாயத் தொறக்கறதில்ல. சோறு வேணும்னா கையக் காட்டறாரு."

சங்கரா மீன் குழம்பும் சோறும் போட்டார்கள். சாப்பிடும்போது குழந்தையைப் பாயில் படுக்கவைத்தேன். அவள் வந்து மோந்து பார்த்து, பக்கத்தில் சுருண்டு படுத்தாள். என்ன கோபமோ, குழந்தை திடீரென்று ஊரே திரும்பிப் பார்க்கும்படி வீறிட்டது. நாங்கள் மூன்று பெண்களும் சோற்றுக்கையோடு எழுந்து ஓடினோம். அவள் கண்ணைத் திறக்கவில்லை.