ராமர் பச்சை இன்ஜின்

வெள்ளானூரில் மூடிக் கிடந்த செங்கல் சூளையிலிருந்து மூக்கு வைத்த பழைய லாரி ஒன்றை என் மச்சான் வாங்கிவந்தார். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். அம்பத்தூரில் பட்டறை வைத்திருப்பவர். எனக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை. கோவில்பதாகையில் அவர் வீட்டையொட்டிய காலிமனையில் லாரியை நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் சேர்ந்து சீர்செய்தோம்.

இன்ஜின் ஓட ஆரம்பித்துவிட்டது. நிறத்தில்தான் சிக்கல். கம்பெனியிலிருந்து வந்தபோது இன்ஜின் எந்த நிறத்தில் இருந்ததோ அதையே அடிக்க வேண்டும் என்று மச்சான் பிடிவாதமாக இருந்தார். சுரண்டினால் மேலே வெள்ளி, அதற்கடியில் சிவப்பு, அதற்கும் அடியில் ஏதோ கோயில் மதிலுக்கு வாங்கியதில் மிஞ்சியது போன்ற காவி. கடைசியில் டைனமோவைத் தாங்கும் தகட்டைக் கழற்றியபோது, பிரஷ் நுழையாத பின்பக்கத்தில் அசல் பெயின்ட் அப்படியே இருந்தது. அவர் பச்சை என்றார். நான் நீலம் என்றேன். பழைய வண்டிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டோம். ஒருவர் சாம்பல் என்றார்; இன்னொருவர் முதலில் கேமராவைத் துடைக்கச் சொன்னார்.

இருவரும் குளித்தோமா என்று பார்க்க வந்த என் மனைவி, தகட்டை வாங்கி வெயிலில் திருப்பிப் பார்த்தாள்.

“இது ராமர் பச்சைண்ணா. எங்கிட்ட புடவையே கீது.”

பூந்தமல்லியில் பெயின்ட் கலந்து தரும் கடைக்குப் போனோம். தகடு வளைந்திருந்ததால் அவர்களுடைய மெஷினுக்கு நிறம் பிடிபடவில்லை. இதே நிறத்தில் தட்டையாக ஏதாவது கொண்டுவரச் சொன்னார்கள். மனைவியின் புடவை துவைத்துத் துவைத்து வெளுத்திருந்தது. ஆகவே எங்கள் இருவரையும் ஆவடியில் ஒரு ஜாக்கெட் துணிக் கடைக்குக் கூட்டிப்போனாள்.

மச்சான் தகட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். கடைக்காரம்மா அசரவில்லை, துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அதன்மேல் வைத்துப் பார்த்தார். துணி வாங்க வந்த பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். டியூப்லைட்டில் நிறம் மாறித் தெரியும் என்று ஒருவர் தகட்டை வாசலுக்கே தூக்கிப்போனார். மயில்கழுத்து என்று ஒரு கட்சி உருவாகி, சற்று நேரத்தில் தோற்றது. கச்சிதமான துணி கிடைத்த பிறகுதான் ஜாக்கெட் யாருக்கு என்று கடைக்காரம்மா கேட்டார். இன்ஜினுக்கு என்றார் மச்சான்.

“அப்ப காட்டன்லயே எடுத்துக்கோங்க. பாலியஸ்டர் சூட்டுக்கு ஆவாது.”

மச்சான் தலையாட்டிக் காட்டனையே வாங்கினார்.

அந்தத் துணியை வைத்து, சூடு தாங்கும் பெயின்டில் நிறத்தைக் கலந்து வாங்கினோம். அடித்து முடித்ததும் மச்சான் கை கட்டி நின்று வெகுநேரம் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கியது. தின்னர் வாடை என்று சொல்லிக்கொண்டார்.

முதல் ஓட்டத்துக்குக் கிளம்பும்போது, இன்ஜினை மூடும் பானெட்டைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டார். ஆவடி சிக்னலில் போக்குவரத்துக் காவலர் நிறுத்தி, பானெட் எங்கே என்று கேட்டார்.

“மூடிட்டா கலர் இன்னான்னு எப்டி சார் தெரியும்?”

காவலர் எட்டிப் பார்த்தார். சுற்றிவந்து மறுபடி பார்த்தார். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மூடிக்கொண்டு வரவேண்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்.

வீடு வந்து சேரும்வரை மச்சான், காவலர் சொன்னதில் முதல் பாதியை மட்டும் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.