கதவைப் பார்க்காமல் போட்ட சாவி

சாவிக்காரம்மாவிடம் டூப்ளிகேட் சாவி வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. பேருந்து நிலையத்துக்கு வெளியே, செருப்புக் கடைக்கும் செல்போன் கடைக்கும் நடுவில் ஒரு மேசை, ஒரு சின்ன மெஷின், நாலைந்து அரம், அப்புறம் அவர். சாவியை நீட்டினால் முதலில் கேள்விதான் வரும். "கதவு எங்க இருக்கு?" கூடவே நடந்து வந்து, அந்தக் கதவில் அந்தச் சாவி திரும்புவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வேலையைத் தொடங்குவார். தலைகீழாக நின்றாலும் மசிய மாட்டார். சொந்த மச்சினனையே அலைய விட்டவர்.

"சாவி போடச் சொன்னா, வீட்டை விலைக்கு வாங்க வந்த மாதிரி சுத்திப் பாக்குது இந்தம்மா" என்று செருப்புக் கடைக்காரர் கிண்டல் செய்வார்.

அந்தக் கறார்தான் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. ஒருமுறை ஒருவன் சோப்பில் சாவி அச்சு எடுத்துக்கொண்டு வர, திட்டித் துரத்தினார். அதே ஆள் வேறெங்கோ சாவி போட்டு, துணிக்கடை முதலாளி வீட்டுக்குள் நுழைந்து அவரைக் கொன்றுவிட்டான். சாவிக்காரம்மா கோர்ட்டுக்குப் போய் அவனை அடையாளம் காட்டினார். என்ன மரியாதை அன்றைக்கு! உட்கார நாற்காலி, குடிக்கத் தண்ணீர். "உங்களை மாதிரி நாலு பேர் இருந்தாப் போதும்மா" என்றார் அரசு வக்கீல். செத்துப்போன முதலாளி ஈ உட்கார்ந்தாலும் சண்டைக்குப் போகிற மனுஷன். ஆனால் அன்றிரவு திருடனிடம் அவர் என்ன பேசினார், ஏன் அவனுக்குக் கோபம் வர வைத்தார் என்று ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும்?

அதே கோர்ட்டிலிருந்து இப்போது மறுபடியும் சம்மன் வந்திருந்தது. இந்தத் தடவை அதை யார் கண்ணிலும் படாமல் மேசையில் அரங்களுக்கு அடியில் செருகிவிட்டார்.

மருந்துக் கடையில் வேலை பார்த்த ஒரு பெண், புருஷனின் அடி தாங்காமல் மகனோடு தனியாக வந்துவிட்டாள். அவள் வீட்டுக்குப் புதுப் பூட்டு மாட்டிக் கொடுத்தது சாவிக்காரம்மாதான். சில நாள் கழித்து அந்தப் புருஷன் கடைக்கு வந்தான். கையில் அதே பூட்டின் சாவி. "மருந்துக் கடைல வேலை பாக்குறாளே, அவ புருஷன்தான் நான். வீட்ல ஒண்ணுதான் இருக்கும்மா. இன்னொண்ணு போட்டுக் குடுங்க" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். தன் கையால் மாட்டிய பூட்டின் சாவி என்று அவருக்குத் தெரிந்தது. புருஷன்தானே என்று நினைத்தார். வாழ்க்கையில் அந்த ஒருமுறை மட்டும் கதவு எங்கே என்று கேட்கவில்லை. சாவி அவன் மகனுடைய பள்ளிக்கூடப் பையிலிருந்து எடுத்தது என்று பிறகுதான் தெரிந்தது. அந்த வாரமே அவன் கதவைத் திறந்துகொண்டு போய் அவளைக் கொன்றான்.

கோர்ட்டில் அவன் வேறு கதை சொன்னான். அவளே சாவி கொடுத்துக் கூப்பிட்டாளாம். போன இடத்தில் அவள் ஏதோ சொல்ல, ஆத்திரத்தில் கை மீறிவிட்டதாம். திட்டம் போட்ட கொலை இல்லை என்று ஆகிவிட்டால் தண்டனை வெகுவாகக் குறையும். சாவி போட்ட கதை போலீசுக்குக்கூடத் தெரியாது. பூட்டு மாட்டியதைச் சொல்லத்தான் சாவிக்காரம்மாவைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு வந்துடு" என்றார் அவருடைய வீட்டுக்காரர், காலை டீயை ஆற்றியபடி. "நீயா வாயைக் குடுத்து மாட்டிக்காத. அப்புறம் யாரு உங்கிட்ட சாவி போட வருவா? அது அவங்க குடும்ப விஷயம்."

"போன தடவை நீங்கதானே புடவைய இஸ்திரி போட்டுக் குடுத்துப் போகச் சொன்னீங்க?"

"அது கொலை கேஸு."

"இது என்னங்க?"

வீட்டுக்காரர் டீயைக் கீழே வைத்துவிட்டு இஸ்திரிப் பெட்டியை எடுக்கப் போனார்.

கோர்ட்டில் இந்தமுறை நாற்காலி இல்லை. செத்தவளின் அம்மா மட்டும் பின்னால் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பூட்டைப் பற்றிச் சொல்லி முடித்த கையோடு, யாரும் கேட்காமலே சாவி போட்டதையும் சாவிக்காரம்மா சொல்லிவிட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் துள்ளி எழுந்தார்.

"பொண்டாட்டி வீட்டுச் சாவியைப் புருஷன் கேட்டதுல என்னம்மா தப்பு? உங்களுக்கே அது தப்பாத் தெரியலையே?"

"தெரியலைங்க" என்றார். நீதிபதி பக்கம் திரும்பினார். "வேற எவன் வந்திருந்தாலும் கதவைக் காட்டுன்னு கேட்டிருப்பேங்கய்யா. புருஷன்னு சொன்னதும் விட்டுட்டேன். அவ செத்துட்டா. நான் விட்ட மாதிரி நீங்களும் விட்டுடாதீங்கய்யா."

பெரிய படிப்பு படித்தவர்களே தங்கள் தப்பை மூடி மறைக்கிற ஊரில், பிழைப்பு போனாலும் போகட்டும் என்று கூண்டில் ஏறி அதைச் சொல்ல எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? எனக்கு வராது.

அவள் கொடுத்த சாவி இல்லை, அவனே முன்கூட்டிப் போட்டு வைத்தது என்று ஆனதால், திட்டமிட்ட கொலைதான் என்று தீர்ப்பு வந்தது. மேசைக்கு வருகிறவர்களும் குறைந்துதான் போனார்கள்.

தீர்ப்புக்குப் பிறகு ஒருநாள் செத்தவளின் அம்மா மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். மகள் வீட்டில் பேரனோடு இப்போது அவள்தான் இருந்தாள். சாவியை எடுத்து வைத்தாள். "பேரனுக்கு ஒண்ணு வேணும்."

சாவிக்காரம்மாவுக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஆனாலும் கேட்டார். "கதவைப் பாக்கணும்மா."

"நான் யாருன்னு தெரியலையா உனக்கு?"

"தெரியும்மா. யாரா இருந்தாலும் பாக்கணும்."



"இதை அன்னைக்குக் கேட்டிருக்கலாம்" என்றாள். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு, "வா" என்று முன்னால் நடந்தாள். சாவிக்காரம்மா கடையைப் பார்த்துக்கொள்ளும்படி செருப்புக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு அவள் பின்னாலேயே போனார்.