வத்தல் இல்லாத இரண்டு நாள்

பேச்சியின் தொண்டைக்கு ஆரியசாலைக் கடைத்தெருவில் ஒரு பெயர் உண்டு. அதைக் கிளப்பிவிட்டவளே அவள்தான். விளாத்திகுளத்திலிருந்து கல்யாணமாகி மலையாளச் சீமைக்கு வந்த மறுமாதமே மிளகாய் வத்தல் மண்டியில் காம்பு கிள்ள உட்கார்ந்தவள், இருபத்திரண்டு வருஷமாகிறது. மற்றவர்கள் மூக்கிலும் வாயிலும் துண்டைச் சுற்றிக்கொண்டு தும்மிச் சாகும்போது அவள் மட்டும் வெறும் முகத்தோடு ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பாள். கைக்குக் காய்ப்பு விழுவதுபோல் தொண்டைக்கும் விழுந்துவிடும் என்பது அவள் கட்சி. உண்மையில் ஒன்றும் விழவில்லை. தும்மல், கண்ணில் தண்ணீர், சாயங்காலம் தொண்டையில் எரிச்சல் எல்லாம் அவளுக்கும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்குள் அடங்கிவிடும் என்பதால் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

போன வருஷம் வேறொரு தொந்தரவு வந்தது. சோறு நன்றாக இறங்கியும் உடம்பு இளைத்தது. நெஞ்சு படபடத்தது. கை நடுங்கியதில் ஒரு சாக்கு முடிக்கிற நேரத்துக்கு அரைச் சாக்குகூட ஓடவில்லை. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்று சொல்லி ஒரு டாக்டரம்மா மாத்திரை எழுதினார். தொண்டை வலியோ காய்ச்சலோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ரத்தம் பரிசோதிக்க வர வேண்டும் என்று இரண்டு தரம் மலையாளத்தில் சொன்னார். பேச்சிக்கு மலையாளம் நன்றாகவே புரியும். புரிந்ததால்தான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். வத்தல் மண்டிக்காரி தொண்டை வலிக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஓடினால் அங்கேயே குடியிருக்க வேண்டியதுதான்.

மாத்திரை நன்றாகக் கேட்டது. ஒரே மாதத்தில் கை நடுக்கம் நின்றது. அந்த நன்றியில் ஒரு வேளைகூடத் தவறவிடாமல் விழுங்கினாள். ஏழாவது வாரம், ஒரு வியாழக்கிழமை, தொண்டை வலித்தது. வெள்ளி, சனி அது கூடியது. புது வத்தலுக்குக் காரம் அதிகம் என்று, கூட உட்கார்ந்து கிள்ளும் அடுத்த வீட்டுச் சரசம்மாவிடம் சொன்னாள். சரசம்மாவும் ஆமாம் போட்டாள். பேச்சி உப்புத் தண்ணீர் கொப்பளித்தாள். மறக்காமல் தைராய்டு மாத்திரையையும் விழுங்கினாள். அவள் கெட்டிக்காரத்தனத்துக்குக் குறைச்சலே இல்லை.

ஞாயிறு விடுமுறை. திங்கள் ஹர்த்தால், வண்டிகள் ஓடவில்லை, கடைத்தெருவே பூட்டிக் கிடந்தது. அன்று மத்தியானம் கஞ்சி குடிக்க உட்கார்ந்தவளுக்கு எச்சில்கூட இறங்கவில்லை. குளிர் தூக்கிப் போட்டது. சுமை தூக்குகிற அவள் கணவன் வேல்சாமி, நாளைக்கு வண்டி ஓடட்டும், போகலாம் என்றான். பேச்சி யோசித்தாள். இரண்டு நாளாக ஒரு தும்மல் இல்லை. கண்ணில் தண்ணீர் இல்லை. வத்தலே இல்லாத இரண்டு நாளில் இந்தத் தொண்டை ஆறியிருக்க வேண்டுமே, ஏன் ஆறவில்லை? டாக்டரம்மா சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இன்றைக்கே போக வேண்டும் என்று எழுந்தாள்.

சரசம்மாவின் மருமகன் ஷிஜு தன் ஆட்டோக் கண்ணாடியில் ‘ஆஸ்பத்திரி’ என்று தாள் எழுதி ஒட்டிக்கொண்டு அவர்களை ஏற்றிப் போனான். அங்கே பணியிலிருந்த டாக்டர் என்ன வேலை என்று கேட்டார். வத்தல் மண்டி என்று வேல்சாமி சொன்னதுமே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தூசி, அலர்ஜி என்று சொல்லிக்கொண்டே எழுத ஆரம்பித்தார். அவரைக் குறை சொல்லி என்ன? ஐந்து நாளாக அவளும் அதைத்தானே நினைத்தாள்.

பேச்சி மேஜையைப் பிடித்துக்கொண்டாள். “சாரே, மண்டி ரெண்டு நாளாப் பூட்டிக் கெடக்கு. இது வத்தல் இல்ல. நான் தைராய்டு குளிக தின்னுதேன்.”

பேனா நின்றது. எந்த மாத்திரை, எத்தனை வாரம் என்று கேட்டவர் உடனே ரத்தம் எடுக்கச் சொன்னார்.

நாலாயிரத்துக்குக் குறையக் கூடாத வெள்ளை அணுக்கள் எண்ணூறுதான் இருந்தன. அதிலும் கிருமியோடு முதலில் மல்லுக்கு நிற்கிற வகை கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அந்த மாத்திரை சாப்பிடும் பல நூறு பேரில் ஒருவருக்கு இப்படி ஆகுமாம். யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதாம். வாயிலும் தொண்டையிலும் எப்போதும் சும்மா கிடக்கிற கிருமிகளே இப்போது ஆளைக் கொன்றுவிடும் என்றார் டாக்டர். பேச்சி அதைத் தன் வழியில் புரிந்துகொண்டாள். மண்டியில் எலி என்றைக்கும் உண்டு. பூனை இருக்கிறவரை தெரியாது. இங்கே பூனை போய்விட்டது.

மாத்திரையை நிறுத்தி, தனி அறையில் கிடத்தி, ஊசிமேல் ஊசி போட்டார்கள். ஒன்பதாம் நாள்தான் அணுக்கள் ஏறத் தொடங்கின. அன்று முகக்கவசம் கட்டிக்கொண்டு உள்ளே வந்த வேல்சாமி கட்டிலுக்கு எட்டவே நின்றான்.

“நாளைக்குப் போலாம்னு சொல்லிட்டேனே, பேச்சி.”

“நீரு ஒரு தரம் சொன்னீரு. நான் அஞ்சு நாளா வத்தல்னு சொன்னேன்.”

அந்த மாத்திரையை இனி ஆயுசுக்கும் தொடக் கூடாது என்றார்கள். தைராய்டுக்கு வேறு வைத்தியம் நடந்தது. இரண்டு மாதம் கழித்துப் பேச்சி மண்டிக்குத் திரும்பினாள், முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு. சரசம்மா நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டாள். துண்டையும் மீறித் தும்மல் வந்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. சாயங்காலம் தொண்டை எரிந்தது. பேச்சி மூன்று தரம் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அன்று ராத்திரி அவள் தூங்கவில்லை. வாரம் முழுக்க அந்த எரிச்சலோடுதான் காத்திருந்தாள்.

ஞாயிறு சாயங்காலம் தனியாக உட்கார்ந்து, எச்சிலை விழுங்கிப் பார்த்தாள். வலிக்காமல் இறங்கியது. இன்னொரு தரம் விழுங்கினாள். அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது.