பன்றிக் காய்ச்சலை நான் கொண்டுபோனேனா

கால்நடை மருந்தகத்தில் நான் கம்பவுண்டர். ஊசி போடுவது, ரத்த மாதிரி எடுப்பது, டாக்டர் மேடம் சொல்வதைப் பதிவேட்டில் எழுதுவது, இவ்வளவுதான் என் வேலை. ஆனால் போர்ட் பிளேருக்குப் பக்கத்துச் சிப்பிகாட் கிராமத்தில் பன்றி வளர்த்த அக்காவுக்கு நான்தான் டாக்டர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து எங்கள் தீவுக்கு வந்து குடியேறிய குடும்பம் அவருடையது. கணவர் இறந்த பிறகு பதினோரு பன்றிகளை வைத்துத்தான் பிழைத்தார். தினமும் காலையில் ஒரு ஆட்டோ, போர்ட் பிளேர் ஹோட்டல்களின் மீந்த சாப்பாட்டை டிரம்மில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகும்.

அந்த வருடம் பன்றிக் காய்ச்சல் தடுப்பூசி போட என்னை அனுப்பினார்கள். காலையில் வண்டூரில் ஒரு வீடு. அங்கே இரண்டு பன்றிகள் சோர்ந்து படுத்திருந்தன. வெயில் என்று நினைத்து, நன்றாக இருந்தவற்றுக்கு மட்டும் ஊசி போட்டுவிட்டு, மதியம் சிப்பிகாட்டுக்கு வந்தேன். அக்காவின் பதினோரு பன்றிகளுக்கும் போட்டேன். பெரிய தாய்ப்பன்றி திமிறியபோது அவரே அதன் காதைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லிச் சமாதானப்படுத்தினார்.

ஒன்பதாம் நாள் போன் வந்தது.

"தம்பி, நாலு பன்னி தீனி எடுக்க மாட்டேங்குது. காதெல்லாம் செவந்து கெடக்கு. நீங்க போட்ட ஊசியாலயா?"

"இல்லக்கா, அது காய்ச்சல் வராம இருக்கப் போடுற ஊசி."

"அப்ப ஏன் காய்ச்சல் வந்துச்சு?"

எனக்கும் தெரியவில்லை. மேடத்தோடு போய்ப் பார்த்தபோது இரண்டு செத்திருந்தன. மற்றவற்றின் காதும் வயிறும் ஊதா நிறமாகிவிட்டன. செத்ததில் ஒன்றை மேடம் அறுத்துப் பார்த்தார். மண்ணீரல் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வீங்கி, கறுத்திருந்தது. மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்து மெயின்லேண்டுக்கு விமானத்தில் அனுப்பினோம்.

திரும்பி வரும்போது ஜீப்பில் கேட்டேன். "மேடம், ஊசி போட்டும் எப்படி வந்துச்சு?"

"இது அந்தக் காய்ச்சல் இல்ல. பேர் ஒண்ணு மாதிரி இருக்கு, வைரஸ் வேற. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலா இருக்கும்னு நினைக்கிறேன். அதுக்கு நம்ம கையில ஊசியே இல்ல."

அலுவலகத்துக்கு வந்ததும் ஒரு பழைய ஃபைலின் பின்பக்கத்தில் வட்டம் போட்டுக் காட்டினார். ரத்தத்திலும் திசுக்களிலும் சுற்றி வந்து, வெளியிலிருந்து வரும் கிருமிகளை விழுங்கி அழிக்கும் செல்கள் உண்டு. இந்த வைரஸ் அவற்றைத்தான் தேடிப் போகிறது. செல் அதை வழக்கமான குப்பை என்று எண்ணி உள்ளே இழுத்துக்கொள்கிறது. அழிப்பதற்காகச் செல் வைத்திருக்கும் அமிலப் பையிலேயே வைரஸ் தன் மேலுறையைக் கழற்றிவிட்டு வெளியே நழுவுகிறது. பிறகு செல்லின் உட்கருவுக்குப் பக்கத்தில் ஓர் இடம் பிடித்துத் தன்னை நகலெடுக்கத் தொடங்குகிறது. நகலெடுக்கத் தேவையான கருவிகளில் பெரும்பகுதியைத் தன்னோடு கொண்டுவருகிறது. புரதம் செய்ய மட்டும் செல்லின் இயந்திரங்களை எடுத்துக்கொள்கிறது. நூற்றுக்கணக்கில் பெருகி வெளியேறும்போது செல்லின் தோலிலேயே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு போகிறது.

"அப்ப காவலுக்கு இருக்கிற செல்தானே மேடம் உடம்பெல்லாம் கொண்டுபோய்ப் பரப்புது?"

"ஆமா. அதுக்குத் தெரியாது."

நான் பதினைந்து வருடம் ஊசி போட்டிருக்கிறேன். உடம்புக்குள் எதிர்ப்பு இருந்தால் நோய் வராது என்பதே நான் அறிந்த மருத்துவம். எதிர்ப்புச் செல்லே நோய்க்கு வீடு என்றால் நான் ஊருக்குச் சொல்லி வந்ததெல்லாம் என்ன? அன்று மாலை பஸ்ஸில் கராச்சர்மாவில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய், நடந்து வீடு திரும்பினேன்.

நாலு நாளில் பரிசோதனை முடிவு வந்தது. மேடம் சந்தேகப்பட்ட நோய்தான். அதே நாளில் வண்டூர் வீட்டிலும் பன்றிகள் சாவதாகத் தகவல் வந்தது. மேடம் பதிவேட்டைத் திறந்தார்.

"ஊசி போட்ட அன்னிக்கு வண்டூர்ல இருந்து நேரா சிப்பிகாட் போனீங்களா?"

"ஆமா மேடம்."

"பூட்ஸ் கழுவினீங்களா?"

கழுவியது போலவும் இருந்தது, கழுவாதது போலவும் இருந்தது. வண்டூர் வீட்டுக் குழாயடியில் குனிந்து நின்றது நினைவிருக்கிறது. அது கையைக் கழுவவா, பூட்ஸையா? சாணம் ஒட்டிய பூட்ஸில் இந்த வைரஸ் பல நாள் உயிரோடு இருக்கும் என்றார் மேடம். மீந்த இறைச்சியிலும் இருக்கும். விசாரித்ததில், ஒரே ஹோட்டலின் சாப்பாடு இரண்டு வீட்டுக்கும் போயிருந்தது தெரிந்தது. அதைக் கேட்டு எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆறுதல்பட்டதற்கு உடனே வெட்கமாகவும் இருந்தது.

மிச்சமிருந்த பன்றிகளைக் கொன்று புதைக்க உத்தரவு. பாதுகாப்பு உடையில் நாங்கள் போய் இறங்கியதும் அக்கா கொட்டகை வாசலை மறித்துக்கொண்டு நின்றார். தாய்ப்பன்றி உள்ளே நன்றாகத் தின்றுகொண்டிருந்தது.

"இதுக்கு பீமாரி, நோய் ஒண்ணும் இல்லையே தம்பி. பாருங்க, தின்னுது."

"உள்ள இருக்கலாம்க்கா. வெளிய தெரிய நாளாகும்."

"இருக்கலாமா, இருக்கா?"

"தெரியல."

"தெரியாமலா கொல்லுறீங்க? எனக்கு விளங்கல."

மேடம் வந்து, மற்ற ஊர்ப் பன்றிகளைக் காப்பாற்ற வேறு வழியில்லை என்று பொறுமையாகச் சொன்னார். அக்கா அவரைப் பார்க்கவே இல்லை, என்னையே பார்த்தார். பிறகு விலகினார். காதைப் பிடித்துக்கொள்ள அன்று அவரை விடவில்லை. நான் பிடித்தேன்.

குழியில் சுண்ணாம்பு போட்டு மூடிய பிறகு, சொல்லாமல் வரக்கூடாது என்று தோன்றியது.

"அக்கா, ஊசி போட வந்தப்ப வண்டூர் போயிட்டுத்தான் வந்தேன். அங்கயும் இதே நோய். என் பூட்ஸ்ல வந்திருக்கலாம். ஹோட்டல் சாப்பாட்டுலயும் வந்திருக்கலாம்."

அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "எதுன்னு தெரிஞ்சா யாரைத் திட்டுறதுன்னாவது தெரியும். அதுவும் ஏலாம பண்ணிட்டீங்க."

அறிக்கையில் நோய் வந்த வழி உறுதியாகவில்லை என்று மேடம் எழுதினார். நான் பூட்ஸ் விஷயத்தையும் சேர்க்கச் சொன்னேன், சேர்த்தார். அதற்காக யாரும் என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்குமோ என்று சில நாள் தோன்றியது.

இப்போது அக்கா ஆடு வளர்க்கிறார். குட்டிக்குக் கழிச்சல் என்றால் எனக்குத்தான் போன் செய்கிறார். பழையபடியே 'தம்பி' என்றுதான் கூப்பிடுகிறார். என்னை மன்னித்துவிட்டாரா, அல்லது சிப்பிகாட்டுக்கு வர வேறு கம்பவுண்டர் இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. நானும் கேட்டதில்லை.